பதினாலு என்று பொறித்த குழல்

வில்லரே, மொன்றியல்
6 ஏப்ரல் 2024

அன்பு மச்சான் அம்புறோசுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் தொப்பையே சொல்லும், ஆகவே விசாரிக்கவில்லை. இங்கே குணேஸ், பிள்ளைகள் எல்லோரும் சுகம். இத்துடன் போன ஐப்பசியில் எங்கள் சூட்டுக் கழகத்தில் நான் சுட்ட கடைசி இலக்குத் தாளை வைத்திருக்கிறேன். ஃபோனில் கதைக்கலாம்தான். ஆனால் சுட்ட தாளைத் தபாலில் அனுப்பி ஒருவரையொருவர் நக்கலடிக்கிற வழக்கத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

தாளைப் பார். ஐந்து ஓட்டையும் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. என் துவக்கின் குழல் தேய்ந்துவிட்டது. புதுக் குழலை உன் பட்டறையில் நீதான் பொருத்தித் தரவேண்டும். நான் சுடுவது எப்போதும்போல நாற்பது கிரெயின் நிறையுள்ள லேசான குண்டுதான். கடைக்காரன், "எட்டங்குல முறுக்கு எடுங்கோ, பாரமானதும் சுடலாம், லேசானதும் சுடலாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறான். எனக்கு எல்லாவற்றையும் சுடவேண்டாம். குழலுக்குள்ளே திருகிப் போகிற வரி பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்பது என் எண்ணம். மேசையில் வைத்துத்தானே சுடுகிறோம், ஆகவே பருமனான குழலாக இருக்கட்டும். நீ என்ன சொல்கிறாய்?

ஆடியில் கழகத் தெரிவு. மாகாணப் போட்டிக்கு லேசான குண்டுப் பிரிவில் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். இந்த முறையும் உன்னை இரண்டாமிடத்தில் இருத்துவதாக உத்தேசம்.

அன்புடன்,
இரவிச்சந்திரன்


ட்ருவா-ரிவியேர்
19 ஏப்ரல் 2024

அன்பு மச்சான்,

தொப்பையைப் பற்றிய வரியை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் வாசித்தேன். குணேசுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் எண்ணம் சரி. லேசான குண்டு கட்டையானது. அது நேராகப் பறக்க அதிகம் சுழலத் தேவையில்லை. நீளமான பாரக் குண்டுக்குத்தான் விரைவான முறுக்கு வேண்டும், இல்லாவிட்டால் தள்ளாடிப் போய்த் தாளில் பக்கவாட்டாக விழும். உன் குண்டின் தோல் மெல்லியது. அதை எட்டங்குல முறுக்கில் அந்த வேகத்தில் விட்டால் சுழற்சி தாங்காமல் நடுவழியில் உடைந்து தூளாகிவிடும். கடைக்காரனின் கதையைக் காதில் போடாதே.

என் பட்டறைத் தட்டில் இப்போது இரண்டு குழல் கிடக்கின்றன. ஒரே கம்பனி, ஒரே நீளம், ஒரே பருமன். பதினாலு உனக்கு. எட்டு இங்கே பாரக் குண்டால் தூரத்துத் தாள் சுடுகிற ஒருவருக்கு. அடுத்த சனி வந்து உன் துவக்கை எடுத்துக்கொண்டு போகிறேன். பொருத்தி முடிந்ததும் முறுக்கின் இலக்கத்தை நானே குழலில் பொறித்துத் தருவேன்.

இரண்டாமிடம் ஆறு வருஷமாகப் பழகிவிட்டது. ஆனாலும் ஒருமுறையாவது அந்தப் போட்டிக்குப் போய் நிற்க எனக்கும் ஆசைதான், மச்சான்.

அன்புடன்,
அம்புறோஸ்


வில்லரே
27 மே 2024

அன்பு மச்சான்,

நேற்று நடந்தது உனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றாய். பத்துக் குண்டு சுட்டேன், தாளில் நாலு ஓட்டை. மற்ற ஆறும் எங்கே போயின? தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "இடப்பக்கத்தாலை போயிட்டுது. இது மேலாலை. விசையை இழுக்கேக்கை உன்ரை கை உதறுது மச்சான்" என்றாய். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

குழலில் பிழை தேட எனக்குத் தோன்றவில்லை. உன் கையால் பதினாலு என்று பொறித்திருக்கிறாய், அதற்குமேல் என்ன வேண்டும்? ஆகவே பிழை என்னில்தான். அப்பாவுக்கு அந்த நடுக்க வருத்தம் ஐம்பத்திரண்டு வயதில் தொடங்கியது. எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. பார்க்-எக்ஸ்டென்ஷன் வீட்டில் நாங்கள் ஒன்றாக இருந்தபோது அவருக்கு எத்தனை நாள் நீ சூப் பருக்கியிருக்கிறாய். எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

நான் கட்டுப்பல் செய்கிறவன் மச்சான். மெழுகில் என் கத்தி ஒரு மயிரளவு பிசகினால் அது யாரோ ஒருவருடைய வாயில் போய்க் குத்தும். எனக்குப் பயமாக இருக்கிறது. குணேசிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கண்டதை ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
இரவிச்சந்திரன்


ட்ருவா-ரிவியேர்
10 ஜூன் 2024

அன்பு மச்சான்,

பதில் எழுதப் பிந்திவிட்டது, பட்டறையில் வேலை கூட. நீ கேட்டபடியால் சொல்கிறேன். கை கொஞ்சம் ஆடியதைக் கண்டேன். களைப்பாகவும் இருக்கலாம். எதற்கும் டொக்டரிடம் காட்டு. குணேசிடம் ஒளிக்காதே. இந்த வருஷம் சூட்டை விட்டுவிட்டு ஓய்வெடு. துவக்கைத் துடைத்துப் பூட்டி வை, அதைப் பேந்து பார்ப்போம்.

உங்களைப் பார்க்க ஒருநாள் வருகிறேன்.

அன்புடன்,
அம்புறோஸ்


வில்லரே
9 ஜூலை 2024

அன்பு மச்சான்,

போன ஞாயிறு நீ வந்துபோனது பெரிய ஆறுதல். ஜான்-டலோன் சந்தையில் அவ்வளவு கத்தரிக்காய் ஏன் வாங்கினாய் என்று குணேஸ் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிட்ட பிறகு மேசையில் என் வலது கையை உன் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாயே. பிறகு, "ஓமடா, லேசா நடுங்குது" என்றாய். குணேஸ் குசினிக்குள் போய்விட்டாள். அங்கே நின்று அழுதாள் என்று உனக்குத் தெரியாது. கிளினிக் டொக்டர் ஒன்றும் தெரியவில்லை என்றார். வேலை இடத்தில் எல்லோரும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மழுப்புகிறார்கள். நீ ஒருவன்தான் என்னை ஏமாற்றாமல் சொன்னாய். அதற்கு நன்றி மச்சான்.

நரம்பு நிபுணரிடம் ஐப்பசியில்தான் தவணை கிடைத்தது. அதுவரை பொறுக்க மனச்சாட்சி விடவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, செய்த பல்லைப் பெட்டியில் போட்டு அனுப்புகிற பகுதிக்கு மாறிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் இருந்து பல் செதுக்கிய என் வாங்கில் இப்போது லவாலிலிருந்து வருகிற ஒரு பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி.

கழகத் தெரிவிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டேன். நீ போ. முதலாவதாக வா. என்னிடம் மிஞ்சியிருக்கிற நாற்பது கிரெயின் குண்டு நாலு பெட்டியையும் அடுத்தமுறை வரும்போது எடுத்துக்கொள்.

அன்புடன்,
இரவிச்சந்திரன்


வில்லரே
19 ஆகஸ்ட் 2024

அம்புறோஸ்,

நேற்றுத் துவக்கை விற்பதற்காகக் கழகத்துக்குக் கொண்டுபோனேன். பாரக் குண்டு சுடுகிற எங்கள் றொசானா, வாங்குகிற எண்ணத்தில் வந்திருந்தாள். தன்னுடைய எழுபத்தேழு கிரெயின் குண்டைத் தந்து, "அண்ணை, நீங்களே ஒருக்கா சுட்டுக் காட்டுங்கோவன்" என்றாள். "பிள்ளை, இது பதினாலு முறுக்கு. உன்ரை குண்டு பக்கவாட்டாத்தான் போய் விழும்" என்றேன். அவளுக்கு நான் நடுங்குகிறவன் என்று தெரியாது. அவளுடைய மனம் நோகாமல் இருக்கட்டும் என்று சுட்டேன்.

ஒன்றும் பக்கவாட்டாக விழவில்லை. ஐந்து ஓட்டையும் ஒரு டொலர் நாணயக் குற்றிக்குக் கீழே மறைந்தன. என் கையால் சுட்டது, அம்புறோஸ்.

வீட்டுக்கு வந்து, துடைக்கிற கம்பியின் நுனியில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் விட்டேன். கம்பியின் மேற்புறத்தில் மையால் ஓர் அடையாளம் போட்டு மெல்லத் தள்ளினேன். அடையாளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேலே வந்தபோது கம்பி எட்டங்குலம்தான் போயிருந்தது. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் எட்டு. புதுக் குழல் வந்தால் இலக்கத்தை நம்பாதீர்கள், கம்பி விட்டு அளந்து பாருங்கள் என்று கழகத்தில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான். நீ பொறித்தது என்பதால் அளக்கவில்லை.

குழல் மாறிப்போகும், அது நடக்கிறதுதான். ஆனால் உடைகிற குண்டு சாம்பல் நிறத்தில் ஒரு புகைக்கோடு விடும் என்று உனக்குத் தெரியும். தூரக்கண்ணாடியில் கண் வைத்திருந்தவன் நீ. உனக்கு எப்போது தெரியும்? அதை மட்டும் எழுது.

இரவிச்சந்திரன்


ட்ருவா-ரிவியேர்
28 ஆகஸ்ட் 2024

மச்சான்,

பொய் எழுதிய மூன்று கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மே பன்னிரண்டாம் திகதியே தெரியும். மற்றக் குழலை வாங்கியவர், பாரக் குண்டு பக்கவாட்டாக விழுகிறது என்று கொண்டுவந்தார். அளந்து பார்த்தேன், பதினாலு. தட்டில் இரண்டையும் மாறி எடுத்துவிட்டேன். அவருக்கு அடுத்த கிழமையே வேறு குழல் போட்டுக் கொடுத்தேன்.

உனக்குச் சொல்லத்தான் அந்த ஞாயிறு கழகத்துக்கு வந்தேன். முதல் குண்டு புகையாகப் போனதைக் கண்டதும் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. ஆடித் தெரிவு முடியட்டும், பேந்து சொல்லுவம் என்று நினைத்தேன். கை உதறுது என்பது நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்கிற சாட்டு. அதை நீ அப்பாவின் வருத்தத்தோடு முடிச்சுப் போடுவாய் என்று நான் நினைக்கவில்லை. நீ போட்ட பிறகு அவிழ்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். புதிதாகப் பதினாலு ஒன்றை எடுத்து, உன் கண்முன்னால் அளந்து பொருத்தித் தருகிறேன். என்னை மன்னித்துக்கொள் மச்சான். ஒருதரம் வந்து கதைக்க விடு.

அம்புறோஸ்


வில்லரே, மொன்றியல்
7 செப்டம்பர் 2024

திரு. அம்புறோஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தட்டில் குழல் மாறியதை நான் குற்றமாக எடுக்கவில்லை. மைதானத்தில் சொன்ன பொய்யைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். ஆறு வருஷம் காத்திருந்தவருக்கு ஆசை இருக்கும்.

ஆனால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துவக்கு இருக்கவில்லை. போட்டி இருக்கவில்லை. தெரிவிலிருந்து விலகப்போகிறேன் என்று சோறு போடும்போதே உங்களுக்குச் சொல்லியிருந்தேன், ஆகவே அந்த இடமும் உங்களுக்குக் கிடைத்தாயிற்று. அதற்குப் பிறகும் என் கையைப் பிடித்துப் பார்த்து, ஆடாத கையை ஆடுகிறது என்றீர்கள். என் அப்பாவின் கையைப் பிடித்த அதே ஆள் சொன்னபடியால்தான் நான் நம்பினேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு கிழமையில் குழலை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு மூன்று மாதம் போதவில்லை.

போட்டிக்குப் போங்கள். கழகத்தில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. துவக்கை றொசானா எடுத்துக்கொண்டாள், எனக்குப் புதுக் குழல் வேண்டாம். வேலையில் என் வாங்கைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. அந்தப் பெண் நல்லாகச் செய்கிறாள், அவளை எழுப்பிவிட எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வரவேண்டாம். குணேசுக்கு ஃபோன் எடுக்கவேண்டாம். இனிக் கடிதம் வந்தால் உடைக்காமல் திருப்பி அனுப்புவேன்.

என் கைக்கு ஒன்றுமில்லை என்று மூளைக்குத் தெரிகிறது. றொசானா தந்த தாளை இருபது தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் இன்று காலையும் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தேன்.

இப்படிக்கு,
சி. இரவிச்சந்திரன்