கரும்பு இன்னும் வயலில் நிற்கிறது

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

நேற்று ஆலை கேன்டீனில் பரிமாறிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் உன் குரல். "நஷ்டத்தில் ஓடும் சர்க்கரை ஆலையை அரசு விற்கிறது" என்றாய். எல்லாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நிதித்துறை அதிகாரியின் அக்கா அல்லவா!

யாரால் வந்த நஷ்டம்டா இது? விடுதலை கிடைத்த மறுவருடம் இதைக் கட்டியபோது, "நாடு நிமிரட்டும், கூலியைப் பிறகு பார்க்கலாம்" என்றது உங்கள் அரசாங்கம். பொறுத்துக்கொண்டோம். வெளிநாட்டில் சர்க்கரை விலை ஏறியபோது வந்த லாபத்தையெல்லாம் தலைநகரத்துக்கு அள்ளிக்கொண்டு போய் மாளிகை மாளிகையாகக் கட்டினீர்கள். விலை விழுந்ததும் கடன் வாங்கினீர்கள். இப்போது கடன்காரன் கதவைத் தட்டினால் எங்களைத் தூக்கிக் கொடுப்பீர்களா?

ரேடியோவில் பேசாதே. ஆலை கேட்டுக்கு வந்து பேசு.

அக்கா

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

கோபப்படாதே. மருந்து வாங்கவும் பெட்ரோல் வாங்கவும் அரசாங்கத்தின் கையில் டாலர் இல்லை. ஆலையை விற்றால்தான் அடுத்த கடன் என்கிறார்கள் கடன் கொடுக்கிறவர்கள். என் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பாய்.

வாங்குகிற கம்பெனி ஆலையைத் தொடர்ந்து நடத்தும். அத்தானுக்கு அவர்கள் கிடங்கில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வெளியே மூச்சு விடாதே. அடுத்த மாதம் நானே வருகிறேன்.

உன் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

நீ வரவில்லை. கிரேன் வந்தது. கரும்பு பிழியும் உருளைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள், பழைய இரும்பு விலைக்கு. கடையில் இறக்குமதிச் சர்க்கரை வந்து இறங்கியிருக்கிறது. மூட்டையில் ஆலையை வாங்கிய அதே கம்பெனியின் பெயர். போட்டிக்கு ஆளே இருக்கக் கூடாதென்றுதான் வாங்கியிருக்கிறான். உனக்குத் தெரியாதா? தெரியாதென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன கிழிக்கிறாய்?

அந்த உருளைகளைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட ஃபிட்டர் உன் அத்தான். "எனக்கு மட்டும் கிடங்கு வேலை, மத்தவன் நடுத்தெருவுலயா?" என்று உன் சிபாரிசை உதறிவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றார். போலீஸ் அடித்ததில் வலது கை முறிந்துவிட்டது.

அக்கா

ஜூன் 9

அக்கா,

சத்தியமாக எனக்குத் தெரியாது. விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கார் அனுப்புகிறேன். அத்தானை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வா. அம்மாவும் கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும்.

தம்பி

ஜூன் 12

உன் கார் வந்தது. அம்மா வாசலுக்குப் போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என் புள்ள வரலையா?"

"மீட்டிங்ல இருக்காரும்மா" என்றார் டிரைவர்.

"அப்போ அந்த மீட்டிங்கையே அம்மான்னு கூப்பிடச் சொல்லு அவனை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அத்தானுக்கு இங்கேயே கட்டுப் போட்டாயிற்று. காரைச் சும்மா திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கரும்பு போட்டவர்கள் மூன்று பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். வேறு பயிர் வேண்டாம், கரும்பே போடுங்கள் என்று அவர்களிடம் சொன்னது உங்கள் அரசாங்கம்தான். வயலில் காய்கிற கரும்பை எங்கே கொண்டு போவது என்று கேட்பார்கள். முதலில் சாப்பாடு போடு. பிறகு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.

எனக்கு எழுதாதே. அவர்கள் திரும்பி வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.