இளமதி வரும் ஞாயிற்றுக்கிழமைகள்

சோளக்காடு,
மார்கழி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு மணிமேகலை எழுதுவது. இங்கு நான் சுகம். போர் போடுகிற ரிக் வண்டியில் நீங்களும் மற்றவர்களும் சுகம்தானே? சத்தீஸ்கரில் குளிர் அதிகம் என்று குப்புசாமி அண்ணன் சொன்னார். வண்டிக்குச் சாமான் எடுத்துக்கொண்டு அவர் அங்கே வருவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால், சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று "சரி, சரி" என்றே முடித்துவிடுகிறீர்கள். இது அப்படிப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

யமுனாவைப் பற்றித்தான். போன வருஷம் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு வந்த பிள்ளை. தாய் செத்த பிறகு, தகப்பன் அவளைக் கோழிப்பண்ணைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு நாள்கணக்கில் போய்விடுவான். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்தான் அழுகைச் சத்தம் கேட்டுக் கதவை உடைத்திருக்கிறார். அடியும் பட்டினியும் பட்டு வந்த பிள்ளைகள்தான் இங்கே எல்லோரும். ஆனாலும் இவளைப் போல யாரும் கட்டிலுக்கு அடியில் படுத்ததில்லை. நானும் பாயைப் போட்டுத் தரையிலேயே படுத்தேன். சோற்றை உருட்டித் துணிக்குள் ஒளித்து வைப்பாள். தலையைத் தொட்டால் கடிப்பாள். மழைக்காலமெல்லாம் கழிந்த பிறகு, ஒரு நாள் அவளாகவே சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டு ஒன்றும் சொல்லாமல் அழுதேனே, அது அதற்குத்தான்.

இப்போது ஒரு சித்தி வந்திருக்கிறாள். இளமதி என்று பெயர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதால் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். அக்கா செத்ததே தெரியாதாம். குழந்தைகள் நலக் குழுவினர் தேடிக் கண்டுபிடித்தார்கள். புருஷனும் பொண்டாட்டியும் யமுனாவை நாங்களே வளர்க்கிறோம் என்கிறார்கள். பிள்ளை பழகட்டும் என்று குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் ஞாயிறு, மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போய் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். பாவம் என்று தோன்றவில்லை மாமா. இனிமேல் மலை ஏற மாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆனால் அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும்.

அப்படி வந்த ஒரு நாள் பையிலிருந்து சீப்பை எடுத்து, "வா சாமி, சடை போட்டு உடறேன்" என்றாள். கடிக்கட்டும் என்று நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யமுனா போய் அவள் மடியில் சாய்ந்துகொண்டாள். செத்துப்போன தாயின் சாடையும் குரலும் அப்படியே சித்திக்கு இருக்கிறதாம். அதற்கு நான் எங்கே போவேன்? அடுப்பில் குழம்பு தீய்ந்து மற்றப் பிள்ளைகள் கத்தின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலையில் பிள்ளையின் படுக்கை நனைந்திருந்தது. அந்தப் பழக்கம் நின்று எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆலோசகர் ருக்குமணி மேடம், சித்தி வந்து போன பிறகு பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்பார். சித்தி வந்ததால்தான் படுக்கை நனைந்தது என்று நான் சொன்னால் போதும், வருவதை நிறுத்தி வைப்பார்கள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று நனைந்த விரிப்புக்குச் சோப்புப் போடும்போதே மனசுக்குள் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற யமுனாவின் பாவாடை நாடாவில் ஒரு தலைக் கிளிப் முடிந்திருப்பதைப் பார்த்தேன். இளமதி வாங்கி வந்தது. இதை ஏன் கண்ணு இங்கே முடிந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க பாத்தா கோவிச்சுக்குவீங்க. அப்பறம் சோறு போட மாட்டீங்க" என்றாள்.

ஒரு வார்த்தை நான் கடிந்து சொன்னதில்லை மாமா. சிரித்த முகமாகத்தான் இருந்தேன். ஆனால் தகப்பன் நடந்து வருகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று கண்டுபிடித்த பிள்ளை அவள். என் சிரிப்பெல்லாம் அவளிடம் பலிக்குமா? அவள் பயந்தது சித்தியைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

மேடத்திடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. சித்தியிடம் போகலாம் என்பதை என் வாயால் கேட்டால்தான் பிள்ளை நம்புவாள் என்றார்.

அடுத்த ஞாயிறு இளமதியைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன். படுக்கிற அறைக் கதவைச் சாத்தக் கூடாது, சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் சோறு அவள் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும், பின்னாலிருந்து தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் முன்னாலேயே யமுனாவிடம், "சித்திகூடப் போனா எனக்குக் கோவமே இல்ல கண்ணு. அங்கயும் உனக்குச் சோறு உண்டு, இங்கயும் உண்டு" என்றேன். யமுனா தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

சொல்லிவிட்டேனே தவிர, என் வயிற்றெரிச்சல் தீரவில்லை. நேற்று இளமதி போனில் ஏதோ சொல்ல, பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அரைக்க ஒன்றும் இல்லாமலே மிக்சியை ஓட்டினேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன.

முழுப்பரீட்சை முடிந்ததும் அவளைத் திருப்பூருக்கு அனுப்புகிறார்கள். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், லீவை அவள் போகிற வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு வாரம் ஓய்வு தருகிறார்கள். முள்ளுக்குறிச்சிக்கு, நம் வீட்டுக்குப் போக வேண்டும். சேலத்து டாக்டரம்மா குழந்தைக்காக இனிமேல் முயற்சி வேண்டாம் என்று சொன்னதிலிருந்து நாம் இரண்டு பேரும் அங்கே சேர்ந்தாற்போல நாலு நாள் இருந்ததில்லை. நீங்கள் வண்டிக்குப் போய்விட்டீர்கள், நான் மலைக்கு வந்துவிட்டேன். யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை.

போர் போடும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். அறப்பளீஸ்வரர் உங்களைக் காப்பாற்றட்டும். அந்த வாரம் மட்டும் என்னைத் தனியாக விட்டுவிடாதீர்கள் மாமா.

வழி பார்த்திருக்கும்,
மணிமேகலை