காருக்கு வைத்த பொட்டு

அன்பு மகன் புவனேசனுக்கு பாடாங் செராயிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உன் தங்கை சாந்தினியும் இங்கே கைகால் முழுசாக நல்ல சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த ஆக்லாந்து குளிரில் அப்படியே இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். என்னடா, போன் இருக்கும்போது அம்மா பேனாவைத் தூக்கிவிட்டாளே என்று பார்க்காதே. போனில் நான் ஆரம்பித்தால் நீ பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய், இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஜெயித்துவிட்டோம் ஐயா! சாந்தினி காருக்கு வந்த கோளாறு என் பொட்டால் வந்ததில்லை என்று கார் செய்த கம்பெனியே வாயைத் திறந்து சொல்லிவிட்டது. நான் மூன்று நாளாகத் தரையில் நடக்கவில்லை, அப்பா என்னைப் பார்த்து, இவளுக்கு யாராச்சும் பிரேக் போடுங்கலா என்று கேலி செய்கிறார்.

முதலிலிருந்து சொல்கிறேன் கேள். உன் தங்கை கூலிம் பேக்டரியில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்த்து, நகை வேண்டாம் நட்டு வேண்டாம் என்று சேர்த்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் புத்தம் புதுசாக எடுத்தது உனக்குத் தெரியும். கியர் போட்டு ஓட்டுகிற கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ரேஸ் காடி என்று முனகிய உன் அப்பாதான் முதல் ஆளாய் ஏறி உட்கார்ந்தார். கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல், காரின் மூக்கில் வட்டமாக இருக்கிறதே கம்பெனிச் சின்னம், அதன்மேல் சந்தனமும் குங்குமமும் குழைத்து நானே ஒரு பொட்டு வைத்துவந்தேன், பிள்ளை தினமும் அத்தனை வேகத்தில் போய்வருகிறாளே என்று பெற்ற வயிறு கேட்குமா.

ஒருநாள் நானும் அவளும் மெர்போக்கில் உன் சின்னம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே நேர் ரோடு, முன்னால் ஈ காக்காய் இல்லை. கார் தானாகவே பிரேக் போட்டு நட்டநடு ரோட்டில் நின்றது பார், பெல்ட் மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. அந்த லோரிக்காரன் ஒடித்துப் புல்லில் இறக்கி எங்களைத் தாண்டிப் போனான், போகும்போது அவன் திட்டிய திட்டை நான் எழுதமாட்டேன். சாந்தினி காரை ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். அப்போதுதான் சொன்னாள், இது முதல் தடவை இல்லையாம், மஞ்சள் விளக்கு வேறு கொஞ்ச நாளாகவே எரிந்து எரிந்து அணைந்ததாம், சொன்னால் காரை ஷோரூமில் வாங்கி வைத்துக்கொள்வார்களே என்று ஆசையில் மறைத்துவிட்டாளாம். அங்கேயே ரோட்டோரத்தில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அது அவள் தப்பு, இன்றைக்கும் அதை நான் தப்பு என்றுதான் சொல்வேன்.

ஷோரூமுக்குப் போனால் அந்த சர்வீஸ் மேனேஜர், நம் தமிழ்ப் பையன்தான், முதலில் அவளிடம், மெனுவல் காடி ஓட்டிப் பழக்கம் இருக்காம்மா என்று கேட்டான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு காரின் மூக்குப் பக்கம் வந்து குனிந்து பார்த்தான், சிரித்தான். முன்னால் வண்டியோ ஆளோ வந்தால் கார் தானே நிற்பதற்கு ஒரு கண் வைத்திருக்கிறார்களாம், அந்தக் கண் சரியாக அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறதாம். ஆன்ட்டி, சென்சார் மேல இப்படிப் பொட்டு வச்சா அது எப்படிலா பார்க்கும், இது வாங்குனவங்க தப்பு, கம்பெனி பொறுப்பு எடுக்காது என்று சொல்லி, அங்கே நின்ற எல்லாரும் பார்க்க ஒரு துணியால் என் பொட்டைத் துடைத்தான். எனக்கு உயிரே போய்விட்டது புவனேசா. பிள்ளையைக் காப்பாற்ற வைத்த பொட்டே பிள்ளையை லோரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதா! வீட்டுக்கு வந்து சாமி விளக்கு ஏற்றக்கூடக் கை வரவில்லை. சாந்தினி ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் நான் காரின் பக்கமே போகவில்லை. ஷோரூமில் கழுவித் துடைத்துக் கொடுத்த கார், சந்தன வாசனைகூட இல்லை, கூலிம் போகிற வழியில் மறுபடியும் தானாக நின்றது. மறுபடி போனாள். சந்தனம் உள்ளே இறங்கியிருக்கும் என்று அதே மேனேஜர் சொன்னானாம். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது, கூடவே கோபமும் வந்தது. உன் தங்கை மாதிரி அதே கார் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள், மாதம் ஒருமுறை சுங்கை பட்டாணியில் ஒரு பெரிய கடைக்கு வெளியே காரையெல்லாம் வரிசையாக நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்து வைத்து அழகு பார்ப்பார்கள். நானும் வருகிறேன் என்றேன். அம்மா, அங்க எல்லாரும் சின்னப் பசங்க, நீங்க வந்து என்ன செய்வீங்க என்றாள். நீ ஓட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏறிவிட்டேன்.

அடேங்கப்பா, மஞ்சள், நீலம், வெள்ளை என்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் ஒவ்வொரு காரின் மூக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றிலும் பொட்டு இல்லை. பாலிங்கில் டீச்சராக இருக்கும் ரொஹானி என்ற மலாய்ப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த மலாயில் உன் காடியும் தானா நிற்குதா என்று நேராகவே கேட்டேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாக ஆமாம் ஆன்ட்டி என்றாள், கைக்குழந்தை பின்னால் இருக்கும்போது நின்றதாம். ஆனால் அவள் காருக்குப் பூசிய வேக்ஸ்தான் காரணம் என்று ஷோரூமில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பக்கத்தில் நின்ற சீனப் பையனிடம், நம்பர் பிளேட் ஃபிரேம் பெரிசு, அதுதான் மறைக்கிறது என்றார்களாம். ஐயோ, எனக்கு வந்ததே ஆவேசம்! ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, யார் யார் காடி தானா நிற்குது, கையைத் தூக்குங்க என்று கத்திவிட்டேன். பாதிக் கைக்கு மேல் மேலே போனது. ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு காரணம் சொல்லி, உன் தப்புதான் என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், இவர்களும் வெட்கப்பட்டு ஒருத்தரிடம் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. மெர்போக் சுகுமாரன் மட்டும் ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தரையில் தேய்கிற மாதிரி இறக்கி வைத்திருந்தான், தம்பி, நீ செஞ்ச வேலைக்கு நீதான் பொறுப்பு, அத முதல்ல சரி பண்ணிட்டு வா என்று அவனையும் விடவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, சரி ஆன்ட்டி என்றான்.

அடுத்த சனிக்கிழமை அத்தனை காரும் ஒன்றாக ஷோரூம் வாசலில் போய் நின்றது. மேனேஜர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். போன் பறந்து, கோலாலம்பூரிலிருந்து கம்பெனி பெரிய ஆள் ஒருவர் வந்துசேர்ந்தார். அவர் எங்கள் இரண்டு பேரை மட்டும் ஏசி ரூமில் உட்காரவைத்து, சாந்தினிக்கு இன்றைக்கே வேறு புதுக் கார் தருகிறோம், இந்த விஷயத்தை இதோடு முடித்துக்கொள்வோம் என்று தேனாகப் பேசினார். உன் தங்கைக்கு அந்தக் கார் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா, அவள் கண் கலங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கார் அவளுடையது. அவள் கண்ணாடி வழியாக வெளியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ரொஹானியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள் பார், எல்லா காடியும் செஞ்சு குடுங்க, அப்புறம் என் காடியப் பத்திப் பேசலாம், எங்கம்மா பொட்டு வச்சாங்க, இந்த ஊர்ல பாதி காடிக்கு பூசை போடுறாங்க, ஒரு பொட்டுக்கே காடி கெட்டுப்போகும்னா அத விக்கிறதுக்கு முன்னாலயே நீங்க சொல்லியிருக்கணும் சார் என்றாள். எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல் இருந்தது, அழவும் செய்தேன்.

அவர்கள் காரையெல்லாம் வாங்கி வைத்துச் சோதித்தார்கள். அந்தக் கண்ணைச் செய்த பேக்டரியிலேயே கோளாறாம், பொட்டுக்கும் வேக்ஸுக்கும் பிளேட்டுக்கும் சம்பந்தமே இல்லையாம். இந்தத் திங்கட்கிழமை அந்தப் பெரிய ஆளே எனக்குப் போன் செய்து சொன்னார், நாடு முழுக்க அந்தக் கார்களைத் திருப்பிக் கூப்பிட்டுப் புதுசாக மாற்றித் தருகிறார்களாம், மாஃப் ஆன்ட்டி என்று மன்னிப்பும் கேட்டார். மாற்றுகிற சாமான் வந்துசேரும்வரை சாந்தினி அப்பாவின் மோட்டோவில் வேலைக்குப் போகிறாள், மழையில் நனைந்து வந்தாலும் சிரித்துக்கொண்டே வருகிறாள். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. சின்னம்மா உன் கல்யாணப் பேச்சை எடுக்கச் சொன்னாள், நான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, காரில் எந்த விளக்கு எரிந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டு, உன் தங்கை மாதிரி மறைக்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடியட்டும், நோய் நொடி இல்லாமல் இரு. ஒன்றே ஒன்று. ஷோரூம்காரன் சொன்னதை அன்று நான் அழுதுகொண்டே உனக்குப் போனில் சொன்னபோது நீயும் சிரித்தாய், பின்ன என்னம்மா, நீங்கதான் காடியக் கெடுத்துட்டீங்க என்றாய். கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். நீ இன்னும் கேட்கவில்லை.

உன் நலமே நினைத்திருக்கும்
அம்மா பிரேமாவதி