வட்டம் விட்ட பெட்டி

மதினி,

இன்று காலை நம் ஆல்பப் பெட்டி ஒன்று கடைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தது சின்னமனூர்ப் பெண் ஒருத்தி. அவள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். இப்போது மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறாள். அந்த ஆல்பத்துக்கும் இதே அளவில், இதே அரக்கு நிறத்தில் பெட்டி வேண்டுமாம். இரண்டும் பீரோ மேல் ஜோடியாக இருக்க வேண்டுமாம்.

மேசையில் வைத்ததுமே சந்தன வாசம் வந்தது. மூடியின் நடுவில் நாம் வெறுமையாக விட்ட அந்த வட்டத்தில் சந்தனம் ஏடு ஏடாகக் காய்ந்து கிடந்தது. கல்யாண நாள் வந்தால் மாமியார் ஒரு பொட்டு வைத்துவிடுவாராம். எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

என் முதல் பெட்டி உங்களுக்கு மறந்திருக்காது. ஸ்டுடியோ தொடங்கிய புதிது. போனில் எங்கெங்கோ தேடி, வெளிநாட்டுக்காரர்கள் ஆல்பம் கொடுக்கும் பெட்டிகளைப் பார்த்துச் சொக்கிப்போய், சிவகாசியில் சொல்லி அடித்து வாங்கினேன். கன்னங்கரேலென்று பெட்டி. மூடி முழுக்கத் தங்க எழுத்தில் என் பெயர். ஊரெல்லாம் அந்தப் பெயர் தெரிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே கிடையாது. நீங்கள் திராட்சை பேக்கிங் ஷெட்டில் பெட்டி கட்டிவிட்டு, கை கழுவாமல் வந்து எட்டிப் பார்த்தீர்கள்.

“என்ன கொழுந்தனாரே, கல்யாண ஆல்பம் குடுக்குறீகளா, கார் பேட்டரி குடுக்குறீகளா?”

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பெரியகுளத்தில் முதல் பெட்டியைக் கொடுக்கப் போனபோது உங்கள் கேலிதான் பலித்தது. மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தார். வெறுங்கையில் வாங்கக் கூடாதாம். பெட்டி தாம்பாளத்துக்குள் அடங்காமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சாமி முன்னால் வைக்கப் பொட்டு வேண்டுமே. கறுப்பில் வைக்க மனம் வராமல், தங்கமாக இருந்த இடத்தைத் தேடித் தேடி, சந்தனத்தை என் பெயர் மேலேயே அப்பிவிட்டார். அப்புறம் மூடி வேறு திறக்கவில்லை. இரண்டு மாமாக்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

கொதித்துப்போய் வந்து சொன்னேன். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு, “அவுக பொட்டு வைக்க எடம் தேடிருக்காக. நீங்க எடமே விடலயே” என்றீர்கள்.

மறுநாள் உங்கள் சீர்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டீர்கள். அட்டையில் கவிழ்த்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அதற்குள் அடங்குகிற மாதிரி பெட்டியின் அளவைக் குறித்தீர்கள். திராட்சைப் பெட்டியில் கை நுழைய ஓட்டை விடுவது போல, மூடியின் ஓரத்தில் பெருவிரல் போகிற அளவுக்குப் பள்ளம் வெட்டச் சொன்னீர்கள். சந்தனம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அரக்கு நிறம் சொன்னீர்கள். அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன். கடைசியில் மூடி நடுவே ஒரு வட்டத்தைப் போட்டு, “இதுல ஒண்ணும் அடிக்கக் கூடாது. ஒங்க பேரு உள்பக்கம் போகட்டும்” என்றதும்தான் சண்டை வந்தது.

“பேரில்லாத பெட்டியக் குடுத்து எப்பிடி மதினி தொழில் பண்றது? யாருக்குத் தெரியும் என்னைய?”

“தொறக்குறவுகளுக்குத் தெரியும்ல.”

நாலு நாள் உங்களோடு பேசவில்லை. சாப்பாட்டைக்கூட அண்ணனைப் போடச் சொன்னேன். ஐந்தாம் நாள், கறுப்புப் பெட்டியை இனி எந்த வீட்டுக்கும் தூக்கிப் போக முடியாது என்ற ஒரே காரணத்தால் சம்மதித்தேன். மனம் ஒப்பிச் சம்மதித்தேன் என்று இதுவரை நீங்கள் நினைத்திருந்தால், இல்லை.

ராயப்பன்பட்டியில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குக் கொண்டுபோனபோது பயந்துகொண்டேதான் போனேன். அங்கே சந்தனம் ஏது, குங்குமம் ஏது? வெறும் வட்டத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று இருந்தது. வீட்டுக்கு வந்திருந்த ஃபாதர் அந்த வட்டத்தில் பெருவிரலால் சிலுவை வரைந்து ஜெபம் சொல்லி, பெட்டியை அவர்கள் கையில் கொடுத்தார். உத்தமபாளையத்தில் ஒரு பாய் வீட்டில், பெண்ணின் அத்தா பேனாவை வாங்கி அந்த வட்டத்துக்குள் பெண் மாப்பிள்ளை பெயரைத் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்ததும் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். வந்து சொன்னபோது உங்களுக்கு முகமெல்லாம் பல்.

கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எனக்கு ஆள் வந்தது இப்படித்தான். ஆனால் வந்தவர்கள் யாரும் என் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. “வட்டம் விட்ட பெட்டி குடுக்குற கடை எங்கன இருக்கு?” என்றுதான் பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார்கள். இப்போது வேறு ஸ்டுடியோக்காரர்களும் வட்டம் விடுகிறார்கள். பெட்டிதான் தாம்பாளத்துக்குள் அடங்குவதில்லை. எனக்கு அதில் ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. மிச்சமிருந்த கறுப்புப் பெட்டிகளில் ஒயரும் சார்ஜரும், ஒன்றில் நிஜமாகவே பேட்டரியும் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று உங்கள் முதல் திதி, மதினி. மூன்று நாள் காய்ச்சலில் போய்விடுவீர்கள் என்று யார் கண்டது? சின்னமனூர்ப் பெண் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ வீட்டுக்குக் கொடுத்த பெட்டி, உங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரில் தேடினேன். கேமராவில் வெளிச்சம் பார்க்க உங்களைத்தானே நிற்கச் சொல்வேன்! முறைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, “அடுப்புல பாலு இருக்கு, சீக்கிரம்” என்று கையை ஆட்டிக்கொண்டு, அத்தனை நாளும் நீங்கள் அதில் இருந்தீர்கள். நல்லதாக முப்பது படம் பிரிண்ட் போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கி, மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

உங்கள் தாம்பாளத்திலேயே வைத்தேன். கனகச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் பெருவிரலைப் பள்ளத்தில் கொடுத்து மூடியைத் திறந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் மூடியின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏலே, ஒன் பேருதான இருக்கு. அவ பேரு எங்கன?”

“நான் உள்ளுக்குள்ளதான்ணே. வெளிய தெரியிறது பூராம் மதினிதான்.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? அண்ணன் மூடியை மூடினார். சந்தனத்தைத் தொட்டு வைத்தார். இடம் தேடவில்லை.