கூடையில் விட்டுவைத்த முட்டை

சம்பந்தி,

இன்று காலை உங்கள் முட்டை என் தலையில் விழப் பார்த்தது. முக்காலி போட்டு ஏறி, பரணில் கிடந்த என் பையை இழுத்தேன். பக்கத்தில் கவிழ்த்திருந்த மூங்கில் கூடை சரிந்து, அதன் அடியிலிருந்து உருண்டு வந்தது. உடைந்துவிடுமே என்று பதறி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். கைக்கு வந்த பிறகுதான் அந்தக் குளிர்ச்சி தெரிந்தது. நீங்கள் செய்த பீங்கான் முட்டை. இத்தனை வருடம் கழித்தும் அது என்னை ஏமாற்றிவிட்டது.

நீங்கள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. நான் பையை எடுக்க ஏறியது, என் ஊர் சேத்தியாத்தோப்புக்கே திரும்பிவிடலாம் என்றுதான். மகளிடமும் சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபின் மகள் அழுது கூப்பிட்டாள் என்று அந்தப் பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்தேனே தவிர மனம் ஒப்பவில்லை. மகள் வீட்டில் போய் உட்காருவதே எங்கள் பக்கம் குறைச்சல். அதிலும் மாப்பிள்ளையைப் பெற்றவள் இருக்கிற வீட்டில், ஒரே அடுப்பில் என்றால் கேட்கவே வேண்டாம். துணிமணியைப் பிரித்து அடுக்காமல் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தீர்கள். "சம்பந்தி, கோழிக்குத் தவுடு பெசையுறேன், செத்த தண்ணி ஊத்துறீங்களா?"

விருந்தாளியை யாராவது தவிட்டுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்களா? எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளியாக நினைக்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று புரிய நாளாயிற்று.

நானும் முட்டையோடு வாழ்ந்தவள்தான். சத்துணவுக்கூடத்தில் வேலைக்காலம் முழுக்க முட்டையை அவித்து உரித்துத் தட்டில் வைத்தவள். முட்டைக்குள் உயிர் இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. உங்களுக்கோ பதினான்கு கோழியும் பதினான்கு ஆள். எது யார் இட்ட முட்டை என்று நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே சொல்வீர்கள். அடை வைக்க எடுக்கும் முட்டையை மூன்று விரலால் சுற்றிப் பார்த்து, "இது ஓடு சரியில்ல, கொழம்புக்குப் போவட்டும்" என்று ஒதுக்குவீர்கள். பீங்கான் கம்பெனியில் அச்சில் களிமண் கரைசல் ஊற்றிப் பொம்மை எடுத்த கை அது. சுடுவதற்கு முன்பே எந்தப் பொம்மை சூளையில் வெடிக்கும் என்று சொல்வீர்களாம், உங்களோடு வேலை செய்தவர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார்கள்.

அந்தக் கைதான் இந்த முட்டையையும் செய்தது. கோழி இடுகிற கூடையில் எப்போதும் ஒரு முட்டையை விட்டுவைக்க வேண்டும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது வேறு இடம் தேடிப் போய்விடும் என்பீர்கள். நல்ல முட்டையை விட்டால் கெட்டுப்போகிறதே என்று அச்சில் ஒன்று ஊற்றிச் சுட்டு, உள்ளே மணிமுத்தாற்று மணலை நிரப்பி, ஓட்டையை வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, டீத்தண்ணியில் ஊறப்போட்டு நாட்டுக்கோழி முட்டை நிறம் வரவைத்திருந்தீர்கள். கோழி ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கோழி மட்டும் ஏமாறவில்லையே.

செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்த அன்று நீங்கள் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டீர்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடாமலிருக்க. "இதெல்லாம் நெசமா சம்பந்தி?" என்றேன். "யாரு கண்டா? கெடந்துட்டுப் போவுது, அது என்னா சோறா கேக்குது" என்றீர்கள். பதினொரு முட்டையை எடுத்து அடுக்கச் சொன்னீர்கள். அடுக்கியது நான். பத்து நல்ல முட்டை, பதினொன்றாவதாக, எனக்குத் தெரியாமலே, உங்கள் பீங்கான்.

ஏழாம் நாள் முட்டை பார்க்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தீர்கள். குளியலறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, செல்போன் டார்ச்சின்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். சிவப்பு நூல் பிரிந்தாற்போல் நரம்புகள் ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. சத்துணவுக்கூடத்தில் எத்தனை முட்டையைத் தொட்டிருக்கிறேன், அன்றுதான் முட்டையைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, சம்பந்தி. ஒன்று மட்டும் கருப்பாக, வெளிச்சமே புகாமல் இருந்தது. கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டே ஓடி வந்து, "இதுல குஞ்சு ரொம்பிப் போயிருக்குதுங்க. இதுதான் மொதல்ல பொரியும்!" என்றேன். அதில் பென்சிலால் ஒரு பூ வரைந்தேன். நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்படியா சம்பந்தி? பாத்துக்குங்க" என்றீர்கள். பதினான்காம் நாளும் அதே கருப்பு. என் பெருமை தாங்கமுடியவில்லை, மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

இருபத்தொன்றாம் நாள் பத்தும் பொரிந்தன. பூ போட்ட முட்டை அசையவில்லை. மறுநாள் செவலை குஞ்சுகளோடு எழுந்து போக, நான் அந்த முட்டையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து வாங்கிப் பார்த்தாள். டம்ளரில் தட்டினாள். டங் என்றது.

"யம்மா, கூமுட்டையகூட அடை வப்பாங்க, பொம்மை முட்டைய அடை வச்ச ஆளு நீதான்!"

அவளும் மாப்பிள்ளையும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். எனக்கு அது பெரிதில்லை. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வாரம் என்னை வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜென்மம் நான். கட்டிலுக்கடியில் பை தயாராகத்தானே இருந்தது? மதியப் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சேத்தியாத்தோப்பில் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து கூட்டி உட்கார்ந்தபோதுதான் என் கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் மகளுக்குப் போன் போட்டால் எடுத்தது நீங்கள்.

"என் கண்ணாடி அங்க இருக்குதா?"

"இருக்குதுங்க. நீங்க பைய எடுக்கறப்ப நான்தான் எடுத்து மறைச்சு வச்சேன்."

"எதுக்கு?"

"ஒண்ண வுட்டு வச்சாத்தான சம்பந்தி திரும்பி வருவீங்க."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். பிறகு கேட்டேன், "அது பொம்மை முட்டைன்னு மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா டார்ச்சையே தொட்டிருக்க மாட்டீங்க. அப்புறம் கோழிப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. நீங்க வூட்டுக்கு வந்து சிரிச்சதே, டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு ஓடி வந்தீங்களே, அன்னிக்குத்தானுங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தேன். அன்றைக்குத்தான் துணிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். காலிப் பையை நீங்களே வாங்கிப் பரணில் போட்டீர்கள். கோழியின் மனதை அறிந்தவர்கள் இருப்பார்கள். வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கும் சம்பந்தியின் மனதை அறிந்து, வாய்திறக்காமல் அவளுக்கு ஓர் இடம் ஒழித்துக் கொடுத்தவரை நான் உங்களைத் தவிரப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எத்தனை அடை வைத்திருப்போம் நாம். ஒவ்வொரு தடவையும் நான் முட்டையை அடுக்கும்போது, "தட்டிப் பாத்துட்டு வச்சீங்களா சம்பந்தி?" என்று கேட்காமல் விட்டதில்லை நீங்கள். நானும் பதிலுக்கு, "கோழி வளக்கறவங்க பொம்மைய ஏன் கூடையில போடுறீங்க" என்பேன்.

பிறகு ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆட்டோ வருவதற்குள், "குஞ்சுக்குக் கண்ணு மருந்து வுடணும், மறந்துடாதீங்க" என்றீர்கள். மருந்து விட்டேன். அதைக் கேட்க நீங்கள் திரும்பி வரவில்லை.

காரியத்துக்கு வீடு கழுவியபோது மகள் கூடைகளையும் அலசிப் பரணில் ஏற்றிவிட்டாள். முட்டையும் கூடவே போயிருக்கிறது. கோழிகள் ஒவ்வொன்றாக நம் கொல்லையை விட்டு வேலியோரம், பக்கத்து வீட்டு விறகுக்கட்டு என்று இட ஆரம்பித்தன. நாய்க்கும் காக்கைக்கும் கொண்டாட்டம். "அம்மா இல்லாம யாரு பாக்கறது அத்தை, வித்துடலாம்" என்றார் மாப்பிள்ளை. வேப்பூரிலிருந்து ஓர் ஆள் நாளைக்கு வருவதாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, "சம்பந்தியம்மாவே போயிட்டாங்க, இனிமே நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்விதான் என்னை முக்காலி மேல் ஏற்றியது.

முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பென்சில் பூ இன்னும் லேசாகத் தெரிகிறது. நீங்கள் அழிக்கவே இல்லை. கூடையைத் துடைத்து, வைக்கோல் பரப்பி, முட்டையை நடுவில் வைத்து, பழைய இடத்திலேயே, கொல்லைச் சுவரோரம் வைத்தேன். தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தச் செவலை இப்போது இல்லை, அதன் பேத்தி ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. கூடையைச் சுற்றி வந்தது. ஒரு காலை உள்ளே வைத்து எடுத்தது. பிறகு ஏறி உட்கார்ந்து, முட்டையை மூக்கால் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மதியம் சாப்பிட வந்த மாப்பிள்ளையிடம் விற்க வேண்டாம் என்றேன். அவர் தயங்கினார். "நீங்க ஊருக்குப் போறதா இவ சொன்னாளே அத்தை. கோழிய யாரு பாப்பாங்க?"

"கூடையில ஒண்ண வுட்டுட்டுப் போயிருக்காங்களே தம்பி உங்கம்மா. நான் எங்க போவேன்?"

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கண் கலங்கிவிட்டது. வேப்பூருக்குப் போன் போட எழுந்து போனார்.

சாயங்காலம் கூடைக்குள் கையை விட்டேன். இரண்டு இருந்தன, சம்பந்தி. இரண்டும் ஒரே சூடாக இருந்தன. தட்டிப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தேன்.