மெழுகுத் தாள் இல்லாத அடை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கால்வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் அக்காவிடம் சொல்லி வாங்கிக்கொள். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. என் அறையில் இருந்த டிரைவர் அண்ணன், உன்னிடம்கூட போனில் பேசியிருக்கிறாரே, அவர் செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார்.

எங்கள் தேனீப் பண்ணையில், அடைக்குப் பிடிப்பாக மெழுகுத் தாள் வைக்காத வெறும் மரச் சட்டங்களில்தான் தேனீக்கள் அடை கட்டுகின்றன. நடுவில் பிடிப்பில்லாத அடை அது. தேன் எடுக்கும் எந்திரத்தில் மெதுவாகச் சுற்றி, மெதுவாகவே நிறுத்த வேண்டும். வெடுக்கென்று நிறுத்தினால் நொறுங்கிவிடும்.

அன்று காலை, எந்திரம் இருக்கும் அறைக்கு அண்ணன் தூக்கிவந்த சட்டத்தோடு உள்ளே வந்த தேனீ ஒன்று அவர் கழுத்தில் கொட்டியது. "தம்பி, மூச்சு முட்டுதுடா. கொஞ்சம் வாயேன்" என்றார்.

"இந்தச் சுத்து முடியட்டும்ணே, இதோ வந்துட்டேன்" என்றேன்.

கைப்பிடி சுற்றும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்திரம் நின்ற பிறகுதான் திரும்பினேன். முகமெல்லாம் வீங்கிச் சுவரோரம் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடை ஒன்றுகூட உடையவில்லை, அம்மா.

மறுநாளே மிச்சச் சட்டங்களையும் எடுக்கச் சொன்னார் முதலாளி. எடுத்தேன்.

சின்ன வயதில் என்னைத் தேனீ கொட்டியிருக்கிறதா? உடம்பு வீங்கியதா? யோசித்து எழுது.

அண்ணன் வீட்டு நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அண்ணியிடம் நீயே பேசு. கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடு.

வேன் வந்து ஹாரன் அடிக்கிறது.

உன் மகன்