கிராம்பு வாசம்

என் உசுருக்கு உசுரான அண்ணனுக்கு,

நீ செத்த பிறகும் வீட்டுக்கு வந்துபோகிறாய் என்று அண்ணி அடித்துச் சொன்னார்.

"நல்லா மோந்து பாரு. உங்கண்ணன் வாயில வருமே, அதே கிராம்பு வாசம். இந்தா, இப்ப கூடத்துலதான் நிக்கிறாங்க" என்றார். ஈறில் ரத்தம் கசிகிறதென்று நீ எந்நேரமும் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிவாயே, அதற்கடியில் ஒரு அழுகல் நெடியும் வருமே! மூக்கைப் பொத்தினால் வேண்டுமென்றே முகத்தில் ஊதுவாய், பாவி.

எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. "நீ குடவாசலுக்கு வந்தாத்தான் அவங்களும் வர்றாங்க. தங்கச்சி மேல அம்புட்டுப் பாசம்" என்று அண்ணி உனக்கும் ஒரு இலை போட்டார். அந்த வெறும் இலைக்கு எதிரே எப்படிச் சாப்பிடுவது, சொல்லு? வெளியே குறுவை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த மோட்டார் கொட்டகை வாசலில்தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்? நாற்பதுகூட ஆகவில்லை. அப்பாவும் அப்படித்தான் போனார்.

அப்புறம் எனக்கு ஈறு வீங்கிக் கும்பகோணத்தில் பல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா வாயைப் பார்த்துவிட்டு என் கண்ணையே பார்த்தார்.

"இமையோரத்துல இந்த மஞ்சத் தடிப்பு எப்பலேர்ந்து இருக்கு?"

"அது எங்க வீட்டு அடையாளம் டாக்டர். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எல்லாருக்கும் இருந்துச்சு."

"அவங்கல்லாம் எங்க இருக்காங்க?"

"சின்ன வயசுலேயே நெஞ்சு வலியில போயிட்டாங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இந்தத் தடிப்பு கொழுப்பு. அது சாப்பாட்டால மட்டும் வர்றதில்லம்மா. சில குடும்பத்துல பிறவியிலேயே வரும், சின்ன வயசுலேயே ரத்தக் குழாயை அடைக்கும். ஈறும் இப்படிச் சீழ் பிடிச்சுக் கெடந்தா குழாய்க்கு இன்னும் கெடுதல்னு சொல்றாங்க. ஈறை நான் பாத்துக்கறேன். நீங்க ரத்தம் குடுத்துட்டு இதய டாக்டரைப் பாருங்க. கிராம்பை வச்சு எத்தனை நாளா அமுக்குனீங்க? நம்ம வாய் நாத்தம் நமக்குத் தெரியாதும்மா."

ஆமாம் அண்ணே, நானும் உன்னை மாதிரியே கிராம்பை அடக்கிக்கொண்டுதான் திரிந்தேன். கூடத்தில் நின்றது நீ இல்லை, நான்தான்.

ரத்தம் பார்த்ததில் எனக்கும் அந்தப் பிறவிக் கொழுப்பு இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். ஈறு சுத்தமான பிறகு அண்ணியைப் பார்க்கப் போனேன். "ஏன் அவங்க வரல? உன்மேல கோவமா?" என்று அழுதார். உண்மையைச் சொன்னேன். உன் மகளுக்கும் ரத்தம் பார்க்கணும் என்றேன். அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிட்டார்.

"உன் பல்லு நாத்தத்துக்கா நான் எல போட்டேன்? கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு, பரம்பரை வியாதின்னு வெளியில தெரிஞ்சா எவன் கட்டுவான்? அந்தப் பேச்சே எடுக்காத!"

உன் நினைப்பை நானே பிடுங்கிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் விட முடியுமா, அண்ணே?

தஞ்சாவூர் ஹாஸ்டலிலிருந்து உன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்து இன்று மறுபடியும் போனேன். வாசலில் கால் வைத்ததும் குப்பென்று அடித்தது. கிராம்பும், அதற்கடியில் அழுகலும். இந்தத் தடவை எனக்கே அடித்தது.

அண்ணி முகமெல்லாம் மலர ஓடிவந்தார். "பாத்தியா, வந்துட்டாங்க! உன் பல்லுன்னு சொன்னியே!"

என் வாயில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் யார்? நிஜமாகவே நீதானா?

"வாங்கத்தை" என்று உள்ளேயிருந்து உன் மகள் வந்து சிரித்தாள். பல்லிடுக்கில் ரத்தம். கன்னத்துக்குள் எதையோ அடக்கியிருந்தாள்.

அண்ணியும் பார்த்துவிட்டார். பிறகு மகளின் மோவாயைப் பிடித்து, வாயருகே முகத்தைக் கொண்டுபோய், மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"நாளைக்குக் கும்பகோணத்துக்கு முத பஸ்சு எப்ப?" என்று கேட்டார்.

மூன்று பேரும் போகிறோம், அண்ணே. அவளுக்கும் மாத்திரை தந்து, அவள் அதை மறந்தால் காதைத் திருகுவேன். நீ வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவளை அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

அவளைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும்,
உன் தங்கச்சி